உழவை நிறுத்திய நூல்

இரணைமடுக் குளத்திலிருந்து சிறுபோகத்துக்கு நீர் திறந்துவிடப்பட்டு ஐந்தாறு நாள்கள் கழிந்திருந்தன. கிளிநொச்சிப் பகுதியில் உறவினர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்த நாம், காலைப் பொழுதில் வயற்பக்கமாக நடந்தோம். எத்திசை நோக்கினும் உழவு இயந்திரங்களின் ஓசை. அவற்றின் பின்னே சேற்றில் கொக்குகள் இரை பொறுக்கிக்கொண்டிருந்தன. அத்தனை ஆரவாரத்தின் நடுவே ஒரு வயலில் மட்டும் இயந்திரம் ஒன்று வாய்மூடி நின்றது. அதன் பின்புறத்தில் பூட்டப்பட்டிருந்த சுழற்கலப்பை, எமது கமக்காரர் 'ரொட்டவேற்றர்' என்று வழங்குவது, மரக்குற்றிகளின்மேல் தூக்கி வைக்கப்பட்டிருந்தது. வரம்பிலே இருவர் குந்தியிருந்தனர்.

அருகே சென்று பார்த்தோம். விரித்திருந்த சாக்கின்மேல், துருவேறிச் செந்நிறமாகிவிட்ட பெயரிங் ஒன்றும், உள்விளிம்பு கிழிந்த கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றும் கிடந்தன. அவற்றின் பக்கத்தில் கைப்பிடியளவு நீலநிற நூற்சிக்கல். சேறும் ஒயிலும் ஊறி, வெப்பத்தால் உருகி, அது மரக்கட்டையைப் போல இறுகிப்போயிருந்தது.

"இதைப் பாருங்கோ தம்பி," என்றார் இருவரில் மூத்தவர். "தெருவிலை கிடந்தால் ஆரும் குனிஞ்சு எடுக்காத நூல். உழவை நிப்பாட்டிப் போட்டுது."

பேசியவர் அவ்வூர்க் கராஜ்காரர். எழுபது வயதை அண்மியவர். 1964ஆம் ஆண்டு வெளிவரத் தொடங்கிய மசி பேர்குசன் 135 என்ற சிவப்பு இயந்திரத்திலே தொழில் பழகியவர். இன்றும் அவ்வகை இயந்திரம் ஒன்று வீதியால் வந்தால், கண்ணால் காணுமுன்னரே ஓசையைக் கொண்டு சொல்லிவிடுவாராம். மற்றவர் இயந்திரத்துக்கு உரியவர். தமது இரண்டு ஏக்கரோடு அயலவர் பலரின் வயல்களையும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கூலிக்கு உழுது கொடுப்பவர். இயந்திரம் லீசிங்கில் எடுத்தது. மாதந்தோறும் தவணை கட்டவேண்டும்.

சிறுபோகம் என்பது நீரைக் கணக்கிட்டுச் செய்யும் போகம். குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளுக்குள் விதைப்பை முடிப்பது என்பனவெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே முன்கூட்டி முடிவுசெய்யப்படுகின்றன. உழவு ஒரு கிழமை பிந்தினால் விதைப்பும் பிந்தும். விதைப்புப் பிந்தினால், கதிர் பால்பிடிக்கும் வேளையில் வாய்க்காலில் நீர் இருக்குமென்பதற்கு உறுதியில்லை. அன்று அவ்வியந்திரத்தை நம்பி ஒன்பது ஏக்கர் நிலம் நீர்கட்டிக் காத்துக் கிடந்தது. வயலுக்கு உரியவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, எட்டிப் பார்த்து, ஒன்றும் பேசாது சென்றனர். அவர்கள் பேசியிருந்தால் அம்மனிதருக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும் என்று எமக்குத் தோன்றியது.

இந்த நூல் எங்கிருந்து வந்தது? வயலின் எல்லையிலே, மயிலும் மாடும் புகாதிருக்கப் பழைய மீன்வலை கட்டியிருந்தனர். காற்றில் அறுந்த அதன் துண்டொன்று வைக்கோலோடு வைக்கோலாக நிலத்தில் கிடந்திருக்கிறது. சுழற்கலப்பை அதனை வாரி எடுத்துக்கொண்டது.

வலை மட்டுமன்று. வயலிலே நூலுக்குப் பஞ்சமில்லை. உரப்பையின் வாயைத் தைத்திருக்கும் நூலைக் கவனித்திருப்பீர்கள். சரியான முனையைப் பிடித்து இழுத்தால் சங்கிலிபோலக் கழன்று ஒரே இழுவையில் வந்துவிடும். அவ்விழுவையின் இன்பம் கமக்காரர் யாவரும் அறிந்ததே. கழன்ற நூல் எங்கே போகிறது? வரம்பில் விழுகிறது, மழையோடு வயலுக்குள் இறங்குகிறது. பையும் வெயிலில் கிடந்தால் நாடா நாடாகப் பிரிகின்றது. இவற்றோடு ஆடுமாடு அறுத்துக்கொண்டு போன கயிறு, அண்மைக் காலமாக வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரங்கள் விட்டுச்செல்லும் கட்டுநூல் ஆகியனவும் சேர்கின்றன. வல்வெட்டித்துறையிலே தைப்பொங்கலன்று நடைபெறும் பட்டப் போட்டியைப் பார்த்து மகிழாதவர் யார்? ஆனால் நூலறுந்து போகும் பட்டம் ஒவ்வொன்றும் தன் நீண்ட வாலோடு எங்கோ ஒரு தோட்டத்திலோ வயலிலோதான் இறங்குகிறது என்பதைப் பட்டம் விடும் எம் இளைஞர் எண்ணிப்பார்ப்பது குறைவு.

முன்னாளில் வயலில் நூல் கிடக்கவில்லையா என்று ஒருவர் வினவலாம். கிடந்தது. தும்புக் கயிறும் பனைநாரும் சணல் நூலும் கிடந்தன. ஆனால் அவை காலப்போக்கில் உக்கி மண்ணாயின. அச்சில் சுற்றினாலும் சிறிது நேரத்தில் தேய்ந்து அறுந்தன. இன்று சாக்கிலும் கட்டுநூலிலும் பெரிதும் பயன்படும் பொலிபுறொப்பிலீன் என்ற பொருளோ வேறு இயல்புடையது. 1954இல் இத்தாலிய அறிஞர் ஜூலியோ நாட்டா அதனைப் பயன்படத்தக்க திண்மப் பொருளாக ஆக்கிக் காட்டினார். அத்துறையில் ஆற்றிய பணிக்காக 1963இல் ஜெர்மானியரான கார்ல் சீக்லரோடு நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். உறுதியும் மலிவும் உடைய அப்பொருள் மண்ணுக்குள் உக்குவதில்லை. சென்ற ஆண்டு விழுந்த நூல் இவ்வாண்டும் அங்கேயே கிடக்கும். உழவுதோறும் கலப்பை அதனைத் தேடி எடுக்கும்.

வளையத்தின் வேலை

சாக்கில் கிடந்த கறுப்பு வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தோம். கராஜ்காரர் 'ஒயில் சீல்' என்று அழைப்பது இதனைத்தான். உள்ளே சுழலும் அச்சு, வெளியே நிற்கும் பெட்டி. பெட்டிக்குள்ளே பற்சில்லுகளுக்கும் பெயரிங்குகளுக்கும் ஒயில் வேண்டும். வெளியே சேறும் நீரும் மணலும். அச்சோ உள்ளிருந்து வெளியே வந்தாகவேண்டும். அது வெளிவரும் வாயிலிலே நின்று, ஒயிலை வெளியே விடாமலும் சேற்றை உள்ளே விடாமலும் காவல் செய்வது இச்சிறு வளையம்.

அதன் வெளிப்புறம் இரும்பு. உட்புறம் மெல்லிய ரப்பர் உதடு. அவ்வுதட்டின் முதுகில் தலைமயிர் போன்ற கம்பியாலான சுருள்வில் ஒன்று வளையமாக அமர்ந்து, உதட்டை அச்சோடு மெல்ல அணைத்து வைத்திருக்கின்றது. உதடு அச்சைத் தொடும் அகலம் ஒரு மில்லிமீற்றரின் சிறு பகுதியே. அவ்விடத்தும் ரப்பர் இரும்போடு நேரே உரசுவதில்லை. மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு அளவான ஒயிற் படலம் ஒன்று இடையிலே இருக்கின்றது. அப்படலம் இருக்கும்வரை உதடு தேயாது. அது வற்றினால் உதடு சில மணி நேரத்தில் கருகி வெடித்துவிடும்.

இவ்வளையத்தின் வரலாறு சுவையானது. 1930களில் ஜெர்மனியின் வைன்ஹைம் நகரில் பிரொய்டன்பேர்க் என்ற தோல் பதனிடும் நிறுவனத்திலே பணியாற்றிய வால்தர் சிம்மர் என்ற பொறியியலாளர் தோலினால் இவ்வகை வளையத்தை அமைத்தார். பின்னரே தோலின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்தது. செருப்புக்கு உதவிய தோல் அச்சுக்கும் காவலாக நின்ற காலமொன்று இருந்தது!

இப்போது நூலுக்கு வருவோம். அச்சில் நூல் சுற்றுவதால் என்ன நேர்ந்துவிடப் போகிறது, சுற்றிக்கொண்டு அது பாட்டுக்குக் கிடக்கட்டுமே என்றுதான் பலரும் எண்ணுகின்றனர். இயந்திரத்துக்கு உரியவரும் அவ்வாறே எண்ணியிருந்தார். ஆனால் சுற்றிய நூல் சுற்றிய இடத்தில் கிடப்பதில்லை.

துறைமுகத்திலே பெருங்கப்பலொன்றின் வடத்தைக் கட்டைத் தூணில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றி, அதன் முனையை ஒரு மனிதன் தன் கையால் பிடித்து நிற்பதை மாணவர்கள் கண்டிருக்கலாம். ஒவ்வொரு சுற்றும் உராய்வைப் பன்மடங்கு பெருக்குவதால் அது இயல்கின்றது. அச்சில் விழுந்த நூலும் இரண்டு சுற்று விழுந்தபின் வழுவுவதில்லை. எஞ்சியதைத் தானே இழுத்துக்கொள்கின்றது. இழுவிசையால் நீண்ட நைலோன் மீண்டும் சுருங்க முயல்வதால், ஒவ்வொரு சுற்றும் தனக்குக் கீழுள்ளதை நெரிக்கின்றது. தூண்டில் நூலை இறுக்கிச் சுற்றிய பிளாஸ்திக் கட்டை வெடித்துப்போவதை மீன்பிடிப்போர் அறிவர். இந்த நெரிவிலே மேற்சுற்றுகள் கீழ்ச்சுற்றுகளைப் பக்கவாட்டில் பிதுக்கித் தள்ளுகின்றன. ஒரு பக்கம் சில்லு அல்லது கலப்பையின் தட்டு. மறுபக்கம் பெட்டி. பிதுங்கும் நூலுக்கு எஞ்சியிருக்கும் வழி, அச்சுக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள சிறிய இடுக்கே. அவ்விடுக்கின் உள்ளே இருப்பது சீலின் உதடு.

முதலில் நூல் உதட்டை அச்சிலிருந்து சிறிது தூக்கிவிடுகிறது. அவ்வழியால் மணல் புகுகிறது. உராய்வால் வெப்பம் மிகுகின்றது. இவ்வளையங்களிற் பெரும்பாலானவை நைத்திரைல் என்ற ரப்பரால் ஆனவை. அது நூறு பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை நெடுநேரம் தாங்காது. பொலிபுறொப்பிலீன் நூலோ ஏறத்தாழ நூற்றறுபது பாகையில் உருகி, ஆறியதும் கல்லாகின்றது. உருகியிறுகிய நூல் உதட்டை அராவித் தின்ற பிறகு அச்சின் உருக்கையே அராவத் தொடங்கும். மணலும் அதற்கு உதவி செய்யும்.

"ஒயில் குறையிது எண்டு தெரியும் அண்ணை. ஊத்தி ஊத்தி ஓடினன். வேலை முடியட்டும், பிறகு பாப்பம் எண்டு விட்டிட்டன்," என்று அவர் முதியவரிடம் கூறியதைக் கேட்டோம். முதியவர் கடிந்துகொள்ளவில்லை. எம்மைப் பார்த்து, "எல்லாரும் அப்பிடித்தான்," என்றார்.

ஒயில் வெளியேறும் வாயிலால் நீர் உள்ளே வரும் என்பதை அவர் எண்ணவில்லை. சேற்று உழவில் ரொட்டவேற்றரின் பக்கப் பெட்டி நீருக்குள்ளேயே சுழல்கிறது. உட்புகுந்த நீர் ஒயிலோடு கடையப்பட்டுப் பால் கலந்த தேநீர்போல் ஆகிவிடுகின்றது. அதனால் உராய்வைத் தடுக்கவும் இயலாது. துருவைத் தடுக்கவும் இயலாது. இரவு முழுவதும் நின்ற இயந்திரத்தின் பெயரிங் காலையில் துருவோடு சுழலத் தொடங்கிற்று. நண்பகலுக்குள் அது இறுகிவிட்டது.

சில்லுக்குச் சில்லு வேறு

நூலால் வரும் கேடு எல்லா அச்சிலும் ஒரேவிதமாக நேர்வதில்லை. எமது நாட்டில் இருசில்லு உழவு இயந்திரம் எதுவாயினும் அதற்கு 'லாண்ட்மாஸ்டர்' என்றே பெயர்; ஒரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வகையின் பெயர் குலப்பெயராகிவிட்டது. அதன் சில்லுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையிலுள்ள அச்சு மிகக் குறுகியது. இரும்புக் கூட்டுச் சில்லைப் பூட்டிச் சேற்றில் இறங்கினால், வைக்கோலும் நூலும் அவ்விடத்திலேயே அடைபடுகின்றன. சீல் போனால் பழுதாவது கியர்ப் பெட்டி முழுவதுமே. நாற்சில்லு இயந்திரத்தின் முன்சில்லிலே ஒயிலன்றிக் கிறீசே உள்ளது. அங்கே கேடு மெல்ல வரும். சில்லு ஆடத் தொடங்கிய பின்னரே பலர் அதனைக் காண்கின்றனர். முன்சில்லுக்கும் இழுவை உள்ள புதிய இயந்திரங்களில் முன்னச்சும் ஒயிலில் ஓடுவதால் அங்கேயும் சீலைப் பார்க்கவேண்டும்.

பின்னச்சைப் பற்றி முதியவர் கூறியது எம் நெஞ்சை விட்டு அகலவில்லை. அவர் தொழில் பழகிய 135 போன்ற பழைய இயந்திரங்களில் பின்னச்சின் முனையிலே, சில்லின் அருகில், பிறேக் உள்ளது. அச்சின் சீல் பழுதானால் ஒயில் பிறேக்கின் பட்டைகளில் படிகிறது. வயலிலே அது தெரியாது; சேற்றில் பிறேக் பிடிப்பார் யார்? மாலையில் பெட்டியைக் கொளுவி, நெல்மூட்டையும் அதன்மேல் வேலையாட்களும் பிள்ளைகளுமாக ஏற்றிக்கொண்டு தெருவுக்கு ஏறி, ஓரிறக்கத்தில் பிறேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும். பின்சில்லின் உட்புறத்தில் ஒயில் ஈரம் கண்டால், பெட்டி கொளுவாமல் இயந்திரத்தை நேரே தம்மிடம் கொண்டுவருமாறு ஊரார்க்கு அவர் சொல்லி வைத்திருக்கிறார்.

நூலை எடுக்கும் முறை

பழுதான பெட்டியை முதியவர் கழற்றிக்கொண்டிருக்க, இயந்திரத்தின் முன்னச்சில் இருந்த நூலை எடுத்துவிடும்படி உரியவரைப் பணித்தார். நாமும் கூட நின்று பார்த்தோம். அவர் முதலிற் செய்தது கத்தியை எடுப்பதன்று. இயந்திரம் நின்றிருந்தும், அதன் திறப்பைக் கழற்றித் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பின் சில்லுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார்.

இதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தை ஓடவிட்டபடி, தொங்கும் நூலின் முனையைக் கையால் பிடித்து இழுத்துவிடலாம் என்று முயல்வோர் எங்கும் உளர். பின்புறத்திலே கருவிகளுக்குச் சுழற்சி வழங்கும் பீ.ரி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழலுமாறு அமைக்கப்பட்டது. அதாவது வினாடிக்கு ஒன்பது சுற்று. தண்டின் விட்டம் 35 மில்லிமீற்றர்; ஆதலின் அதன் சுற்றளவு ஏறத்தாழ 11 சதமமீற்றர். ஒன்பதால் பெருக்கினால், வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர் நூலை அது விழுங்கும். ஆபத்தைக் கண்டு மூளை கட்டளையிட்டுக் கைவிரல் விரிவதற்கு ஓரளவு நேரம் வேண்டும். மிக விரைவாக விரித்தாலும் கால் வினாடி ஆகும். அதற்குள் ஒரு சாண் நூல் உள்ளே போய்விடும். விரலில் நூல் ஒருமுறை வளைந்திருந்தால் விரலும் போகும். தாவணி, சாரம், சட்டையின் கை ஆகியவற்றுக்கும் இதே கணக்குத்தான். பெட்டி சுழல்வது மெதுவாயினும், அதற்கு இரக்கம் இல்லை. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இதனை எடுத்துச் சொல்லுங்கள்.

அவர் பயன்படுத்திய கத்தி கடையில் வாங்கியதன்று. உடைந்த இரும்பரிவாள் ஒன்றை அராவி, முனையைக் கொக்கிபோல் வளைத்து, உட்புறத்தைத் தீட்டி, பிடிக்குத் துணி சுற்றியிருந்தார். அச்சின் நீளப்பாட்டிலே, சீலுக்கு எட்டிய இடத்தில் கொக்கியை நூலின் அடியிற் கொடுத்து, சீலிலிருந்து வெளிநோக்கி இழுத்து அறுத்தார். சுற்றுக்குக் குறுக்கே ஒரு வெட்டு விழுந்ததும் நூற்றுக்கணக்கான சுற்றும் ஒன்றாகத் தளர்ந்தன. எதிர்ப்புறமாகச் சில்லைச் சுழற்றி நூலைக் குலைத்தெடுக்கப் பலர் பாடுபடுகின்றனர். மேற்சுற்று இரண்டொன்று வரும். அடியிற் கிடப்பது உருகி ஒட்டியிருப்பதால் வராது. அப்பொழுது குறட்டால் பிடித்து வலிந்து இழுத்தால், உதட்டின் கீழ்ப் புகுந்த நூல் வாள்போல் உதட்டை அறுத்துக்கொண்டு வெளியே வரும். நூலை வளையமாக நிமிர்த்தி, அறுத்து, துண்டு துண்டாகவே எடுத்தல் வேண்டும். இடுக்கின் உள்ளே ஆழப் புகுந்துவிட்டதென்று கண்டால், சில்லைக் கழற்றிப் பார்ப்பதே குறுக்குவழி.

கொளுத்தி எடுத்தால் விரைவில் முடிந்துவிடுமே என்று கூட நின்ற இளைஞர் ஒருவர் கேட்டார். முதியவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவருக்கு விடை கிடைத்திருக்கவேண்டும். எரியும் நூல் உருகி வடிவது சீலின் மேலேயே. ரப்பரும் கருகும். ஒயிலும் வைக்கோலும் சுற்றியிருக்க நெருப்பு மூட்டுவது எத்தகையது என்பதையும் கூறவேண்டுமோ? அதிகச் சூட்டைத் தாங்கவென ஆக்கப்படும் சில ரப்பர் வகைகள் நெருப்பில் சிதையும்போது, தசையை அரிக்கும் கொடிய அமிலத்தை விடுவன. எரிந்து கருகிய சீலைக் கையுறையின்றித் தொடுதலும் ஆகாது.

நூல் எடுத்த பின்னர் மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் அவ்விடத்தைத் துடைத்து விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்த புழுதியாயின் நன்று. புழுதி கறுத்து ஈரமாய் வளையமிட்டிருந்தால் ஒயில் கசிகிறது. அவருடைய முன்னச்சு காய்ந்தே இருந்தது. அவ்வளவிலாவது அன்று அவருக்கு ஒரு நற்செய்தி. சேறு கழுவுவதற்கு விசைநீர்க் குழாயை அச்சின் வாயிலுக்கு நேரே பிடிப்பதும் தவறு. மெல்லிய உதடு ஒயிலைத் தடுக்க அமைந்ததே தவிர, பீறிடும் நீரைத் தடுக்க அமைந்ததன்று.

புதிய சீல்

உரியவருடைய மனைவியின் தமையனார் முல்லைத்தீவுக் கரையிலே கடற்றொழில் செய்பவர். புதிய சீலையும் பெயரிங்கையும் கிளிநொச்சி நகரில் வாங்கிக்கொண்டு தம் மோட்டார்ச் சைக்கிளில் வந்து சேர்ந்தவர் அவரே. சாக்கில் கிடந்த நூலைக் கண்டதும் அவர் சிரித்தார்.

"இது எங்கடை வருத்தமல்லோ, மச்சான்!" என்றார்.

கடலிலே படகின் வெளியிணைப்பு இயந்திரத்துக்கும் இதே தொல்லை. மிதக்கும் தூண்டில் நூலோ வலைத்துண்டோ காற்றாடியின் பின்னால் அச்சிற் சுற்றி, அங்குள்ள சீலை அறுத்து, உப்புநீரைக் கியர்ப் பெட்டிக்குள் விடும். ஆகவே கடலோடிகள் காற்றாடியை இடைக்கிடை கழற்றி, அடியில் நூல் உண்டா என்று பார்த்துத் துடைத்துப் பூட்டுவர். நடுக்கடலில் இயந்திரம் நின்றால் உயிருக்கே ஆபத்து என்பதால் கடலோடிக்கு இது வழக்கமாகிவிட்டது. வயலில் இயந்திரம் நின்றால் இறங்கி வீட்டுக்கு நடந்துவிடலாம். அதனாலேதானோ கமக்காரர் பார்ப்பதில்லை!

புதிய சீல் பொருத்துவதிலும் பிழை விடுவோர் பலர். அதன் முகத்திலே 35, 52, 10 என்றாற்போல மூன்று எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு ஆகிய மூன்றையும் மில்லிமீற்றரில் குறிப்பன அவை. பழைய சீலைக் கழுவி இவ்வெண்களைப் படித்துக்கொண்டு கடைக்குச் சென்றால் அலைச்சல் இல்லை. சுருள்வில் உள்ள பக்கம் ஒயிலை நோக்கியிருத்தல் வேண்டும். பூட்டுமுன் உதட்டில் ஒயில் தடவவேண்டும்; உலர்ந்த உதடு முதற்சில சுற்றிலேயே கருகும். அச்சின் முனையிலே பற்களும் விளிம்புகளும் உள்ளன. அவற்றின்மேல் மெல்லிய பொலித்தீனைச் சுற்றி அதன்மேலாகச் சீலை வழுக்கிச் செலுத்தினார் முதியவர். அடித்து இறக்குவதற்குத் திருகாணி செலுத்தி உதவாது. அளவான குழாய்த் துண்டொன்றை வைத்து, சுற்றிவரச் சமமாகத் தட்டினார்.

அதற்கு முன் அவர் அச்சின்மேல் தம் பெருவிரல் நகத்தை மெல்ல இழுத்துப் பார்த்ததைக் கவனித்தோம். நகம் ஓரிடத்தில் தடக்கியது. பழைய உதடு ஓடிய தடத்திலே நூலும் மணலும் சேர்ந்து மெல்லிய பள்ளம் வெட்டியிருந்தன. புதிய உதட்டை அதே பள்ளத்தில் நிறுத்தினால் நாளையே கசியும். அப்பள்ளத்தை அரத்தாள் கொண்டு தேய்ப்பாரும் உண்டு. சாய்வாக விழும் கீறல்கள் திருகாணியின் புரிபோல் அமைந்து ஒயிலை வெளியே இறைத்துவிடும் என்று அவர் விலக்கினார். சீலை வழமையான இடத்திலிருந்து இரண்டு மில்லிமீற்றர் உள்ளே தள்ளி நிறுத்தினார். உதடு இப்போது தேயாத உருக்கின்மேல் அமர்ந்தது. பள்ளம் ஆழமாயின், அச்சின்மேல் மெல்லிய உருக்குறை ஒன்றைப் போர்த்தி அதன்மேல் சீலை ஓடவிடும் முறையும் உண்டென்றார்.

பெட்டியை மூடும் வேளையில் அவர் மேலும் ஒன்று செய்தார். பெட்டியின் மேலே இருந்த சிறிய மூடியைக் கழற்றி, அதிலுள்ள ஊசித்துளையை ஒரு கம்பியால் குத்தித் துப்புரவாக்கி, வாயால் ஊதிப் பார்த்தார். அது பெட்டியின் மூச்சுத்துளை. உழவிலே பெட்டி சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிகின்றது. மூச்சுத்துளை சேற்றால் அடைபட்டிருந்தால், விரியும் காற்று ஒயிலைத் தள்ளிக்கொண்டு சீலின் வழியால் வெளியேறும். சூடான பெட்டி குளிர்ந்த வயல்நீரில் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கி, அதே வழியால் நீரை உறிஞ்சும். குற்றமற்ற சீலைப் பழிகூறி ஒரே போகத்தில் மூன்று முறை மாற்றியவர்களைத் தாம் அறிவதாகக் கூறி அவர் சிரித்தார். இதனை இயற்கணித நூலில் வரும் வாயு விதியாகப் படிக்கும் மாணவர்க்குக் கிளிநொச்சிச் சேற்றிலும் அது உண்மை என்பது தெரிந்திருக்கட்டும். (இயற்கணிதம் என்றது எமது தவறு, பெளதிகம் என்று திருத்தி வாசிக்க. முதியவர் முன்னிலையில் எமக்குப் படித்தது மறந்துவிட்டது.)

சில இயந்திரங்களில் சீலுக்கு வெளியே உருக்குத் தட்டு ஒன்று குவளைபோல் இடுக்கை மூடி நிற்கும். சிலவற்றில் நூலை வெட்டும் சிறு அலகும் பொருத்தப்பட்டிருக்கும். படகு இயந்திரங்களுக்கும் அத்தகைய வெட்டலகுகள் உண்டு. பழுது பார்க்கும்போது இக்குவளை நெளிந்திருந்தால் பலர் அதனைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். இவ்வியந்திரத்திலும் அது இருக்கவில்லை. முன்னொருமுறை வேறோரிடத்தில் பழுது பார்த்தபோது பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். முதியவர் பழைய பெட்டித் தகட்டில் ஒன்றை வெட்டி வளைத்து, இரண்டு ஆணியால் பொருத்திக் கொடுத்தார்.

பிற்பகல் நான்கு மணிக்கு இயந்திரம் மீண்டும் சேற்றில் இறங்கிற்று. அன்றிரவு பதினொரு மணிவரை அதன் விளக்கு வயலில் ஊர்ந்துகொண்டிருந்ததை எம் உறவினரின் திண்ணையிலிருந்து கண்டோம். ஒன்பது ஏக்கரில் ஏழு ஏக்கர் குறித்த நாளுக்குள் உழுது முடிந்ததெனப் பின்னர் அறிந்தோம். எஞ்சிய இரண்டேக்கர்க்கும் உரியவர்கள் வேறு இயந்திரம் பிடித்துக்கொண்டனர். அதன் கூலி அவருக்கு இல்லை.

ஊர் திரும்பும் நாளுக்கு முன்னாள் மாலை அவ்வீட்டுக்குச் சென்றிருந்தோம். இயந்திரம் முற்றத்து வேம்பின் கீழ் நின்றது. திறப்பு அவருடைய சட்டைப் பையில். பத்தாம் வகுப்பில் படிக்கும் மகள் டோர்ச் லைற்றைப் பிடித்து நிற்க, அவர் கொக்கிக் கத்தியோடு சில்லடியில் குனிந்திருந்தார். அன்றைய உழவில் அகப்பட்டது ஒரு முழம் உரப்பை நூலும் சிறிது பட்ட நூலும். அவற்றைப் போடுவதற்கென்று இயந்திரத்தின் மட்காட்டிலே ஒரு பழைய உரப்பையைத் தொங்கவிட்டிருந்தனர். பாதிவரை நிறைந்திருந்தது.

"அப்பா, இந்தப் பக்கமும் பாருங்கோ. இன்னும் ஒரு இழை நிக்குது," என்றாள் மகள். அவர் மறுபுறம் சென்று குனிந்தார்.